எதிரே ஓர் ஆள்

"'சே'ன்னா காத்துல விடலாம். 'டெல்'லுன்னா எதிர்ல ஒரு ஆள் வேணும்."

ஆங்கில வாத்தியார் இரண்டு சொற்களையும் பலகையில் அடுத்தடுத்து எழுதினார். இரண்டாவதன் பக்கத்தில் ஓர் ஆளை நாற்காலியில் உட்கார்த்தி வரைந்தார். ஆளும் நாற்காலியும் சேர்ந்து ஆடு மாதிரி வந்தது.

"மழை வரும்போல இருக்கேன்னு வானத்தைப் பார்த்துச் சொன்னா, சே. குடையை எடுத்துட்டுப் போன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னா, டெல். பதிலுக்கு அவங்க நாலு சொல்வாங்க. அது அடுத்த பாடம்."

மாலை வகுப்பு சிரித்தது.

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் தன் வீட்டுப் பேச்சைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பல மாதங்களாக சே மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கேஸ் தீர்ந்துபோச்சு என்று அவள் அடுப்பிடம் சொல்வாள். வர நேரமாகும் என்று வீட்டுக்காரர் செருப்பிடம் சொல்வார். அடுப்பும் செருப்பும் சேதியை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கேஸ் வந்தது. சாப்பாடு மூடிவைக்கப்பட்டது. சண்டை என்று சொல்ல ஒரு தட்டுகூட உடையவில்லை.

தனக்கு வந்த வெளியூர் மாற்றலை வேண்டாமென்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அந்த விஷயம் அவளுக்கு நாத்தனார் வாய்வழியாகத்தான் வந்தது. "ஏன், உனக்குத் தெரியாதா?" என்று நாத்தனார் கண்ணை அகல விரித்தாள்.

அன்றைக்கு நின்ற பேச்சு.

இப்போது அவள் முறை. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வரவேற்பில் வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். நேற்று மத்தியானம் போன் வந்துவிட்டது. நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

இது அடுப்பிடம் சொல்கிற சேதி இல்லை.

சொல்லாமலே கிளம்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். இதையும் நாத்தனாரே சொல்லிக்கொள்ளட்டும் என்று பெட்டியைக்கூட பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தாள்.

"ஜோடி ஜோடியா உட்காருங்க," என்றார் வாத்தியார். "எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லணும். தெரிஞ்சதைச் சொன்னா டெல்லுல சேராது. கேட்டவங்க எழுந்து அதை வகுப்புக்குச் சொல்லணும். தமிழ் கூடாது."

அவளுடைய வழக்கமான ஜோடியான அழகு நிலையத்துப் பெண் அன்று வரவில்லை. வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசி வரிசையில் கதவோரம் தனியாக இருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கையால் அழைத்தார்.

மெக்கானிக் அவளுக்கு மூன்று வாரம் பிந்தி வகுப்பில் சேர்ந்தவர். லிஃப்டோடு பழகுகிறவருக்கு இங்கிலீஷ் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. "மேலே, கீழே, ரெண்டு வார்த்தை போதுமே உங்களுக்கு," என்று கூடப் படிக்கிற செக்யூரிட்டி அக்கா முதல் நாளே வாரிவிட்டாள். அவர் சிரித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நன்றாகப் படிக்கிறவரும் இல்லை. மற்றவர்கள் வாக்கியம் சொல்லும்போது காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

டூல் பையைக் காலால் நகர்த்திக்கொண்டே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வகுப்பில் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

டாக்டர் புது நாற்காலி வாங்கியிருக்கிறார் என்ற வாக்கியம் அவளிடம் தயாராக இருந்தது. வரும் வழியிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"ஐ காட் எ ஜாப்," என்றாள். "அனதர் சிட்டி. பிக் ஹாஸ்பிடல். தே கிவ் குவார்ட்டர்ஸ். மண்டே ஐ கோ."

இலக்கணம் அங்கங்கே நொண்டியது. குரல் நொண்டவில்லை.

மெக்கானிக் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அதில் கிரீஸ் ஏறியிருந்தது. அதை இன்னொரு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

மின்விசிறி தலைக்குமேல் கரகரத்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஜோடியில் யாரோ தன் மாமனார் பூனை வளர்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் சார், எழுந்திரிங்க. உங்க ஜோடி என்ன சொன்னாங்க?"

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஷி டோல்ட் மீ."

வாத்தியார் காத்திருந்தார். அதற்குமேல் வரவில்லை.

"என்ன சொன்னாங்க? வண்டி பாதியில நிக்குதே."

"ஷி டோல்ட் மீ, சார்."

வகுப்பில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு என்றார் ஒருவர். மெக்கானிக் உட்காரவில்லை. வாத்தியாரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். தமிழ் கூடாது என்பதையும் மறந்துவிட்டார்.

"குவார்ட்டர்ஸ் ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். செக்யூரிட்டி அக்கா எழுந்தேவிட்டாள்.

"யோவ், என்ன பேச்சுய்யா இது? பாடம் படிக்க வந்தியா, வேற எதுக்காவது வந்தியா?"

"உட்காருங்கக்கா," என்றாள் அவள். "என் வீட்டுக்காரர்தான்."

விசில் நின்றது. வாத்தியார் கையிலிருந்த மார்க்கருக்கு மூடி தேடினார்.

அவள் நிமிர்ந்து மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்கலை."

"கேட்டுச் சொல்லு."