ஆறாவது தட்டு

பனித்திட்டு சிந்தாமணிக்குத் தவளக்குப்பத்தில் மீன் விற்றுத் திரும்பினால் சமையலும் மூன்று பிள்ளைகளும் காத்திருக்கும். அதற்கு நடுவிலும் சரித்திரப் புத்தகம் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் திறந்த படிப்பகத்திலிருந்து இந்த முறை 'செஞ்சிக் கோட்டை முற்றுகை' என்ற புத்தகத்தை எடுத்து வந்திருந்தாள். நாளைக்குத் திருப்பித் தர வேண்டும்.

குழம்பு கொதிக்கும்போது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தாள். வடக்கு வாசல் காவல்காரன் ஏழு நாள் பட்டினி கிடந்து இறந்தான் என்றிருந்தது.

"ஐயோ, யாரு பெத்த புள்ளையோ! இவன இப்படியே வுட்டுட்டு பொஸ்தகத்த எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

அந்த வருத்தத்தில் ஐந்து பேருக்கு ஆறு தட்டுப் போட்டுச் சோறும் சங்கரா மீன் குழம்பும் பரிமாறினாள்.

"இன்னாடி, செஞ்சி ராஜா சாப்பிட வராரா?" என்று சிரித்தான் புருஷன் சம்மந்தம்.

"ராஜாவுக்கு இன்னா கொறை? இது காவக்காரனுக்கு. போட்டத எடுக்க மாட்டேன்."

சாப்பிட்டு எழுந்தபோது ஆறாவது தட்டும் காலியாக இருந்தது.

"பூனதாம்மா" என்றாள் மூத்தவள் அமுதம்.

மீன் முள் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருந்தது.

மறுநாள் படிப்பகத்தில் சிந்தாமணி அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். வடக்கு வாசல் காவல்காரன் ஏழாம் நாள் எழுந்து நின்றான் என்றிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் பெரிய கட்டைவிரல் அளவுக்குக் குழம்புக் கறை.

அடுத்த வரியைப் படித்தாள். தெற்கு வாசலில் நாற்பது பேர் பட்டினியாக இருந்தார்கள்.

புத்தகத்தை இன்னொரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில், கல்யாணம் முடிந்த வீட்டில் நுழைந்து அண்டாவை இரவல் கேட்டாள்.