வலப்பக்கச் சுவர்

“சோதனைக் குண்டு வெடிச்சதும் கம்பி வச்ச சுவர் நிக்கணும் கொத்தனாரே, கம்பியில்லாத வலப்பக்கச் சுவர் விழணும். அப்பதான் ஆஸ்பத்திரிச் சுவருக்குக் கம்பி போட அதிகாரி சம்மதிப்பார்,” என்றார் பொறியாளர்.

பாதுகாப்பு அறையின் கண்ணாடி வழியே தூரத்துச் சுவர்களைப் பார்த்த கொத்தனாருக்கு வியர்த்துக் கொட்டியது.

“பயமா? இந்த அறைக்குள்ள தூசிகூட வராதுய்யா!”

வெடித்தது. புழுதி அடங்கியபோது இரண்டு சுவர்களுமே நின்றுகொண்டிருந்தன.

அறையின் மறுகோடியில் நின்று பார்த்த அதிகாரி சிரித்தார். “வெறும் சுவரே அசையலையே! அப்புறம் கம்பி எதுக்கு? ஆஸ்பத்திரிக்கும் வேணாம்.” உத்தரவெழுதப் பேனாவைத் திறந்தார்.



கொத்தனார் பாய்ந்து அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதாதீங்கய்யா! அந்த வலப்பக்கச் சுவருக்குள்ளயும் கம்பி வச்சிட்டேன். விழுறதுக்குன்னே ஒரு சுவரைக் கட்ட எனக்குக் கை வரலீங்க!”