எதிர்க் கடை

"எங்கே வேணா வாங்குங்க, எதிர்க் கடையில மட்டும் வாங்கிடாதீங்கம்மா. அந்தம்மா பேச ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள மருந்து காலாவதியாயிடும்!"

மருந்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஊருக்குப் புதுசு. போன ஊரில் ஒரு கடைக்காரன் மருந்தை மாற்றிக் கொடுத்து, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்ததே மறுபிறவி. அதனால்தான் வீட்டுச் சாமானைக்கூடப் பிரிக்காமல், நல்ல மருந்துக் கடை தேடிக் கிளம்பிவிட்டாள். ஆளை எடை போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படித்தான் அவள் நினைப்பு.

கடைக்காரர் இதய டாக்டரின் சீட்டை ஓர் எழுத்து விடாமல் படித்தார். "இது ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கறது. அப்பா வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"இல்லீங்க."

மூட்டுவலிக்கு வேறொரு டாக்டர் எழுதிய சீட்டு பையில் இருந்தது. அதை எதிர்க் கடைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். இரண்டையும் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வருவாளா என்ன?

"வீடு எங்கேம்மா?"

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து மாடி வீடு."

சாலையைக் கடந்தாள். எதிர்க் கடை அம்மாள் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"அந்த மனுஷன்கிட்ட எதுவும் வாங்கலையே?"

"சேச்சே! வழி கேட்டேன், அவ்வளவுதான்."

"பிழைச்சீங்க! கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு வீடு பூரா தேடற ஆளு அது."

சீட்டைப் படித்துவிட்டு அந்த அம்மாளும் அதையே கேட்டார். "அப்பா வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

உண்மையைச் சொன்னால் இப்போதுதான் சொன்ன பொய் பல்லிளிக்கும். "அதெல்லாம் எதுவும் இல்லீங்க" என்றாள். வீடு எங்கே என்றும் விசாரித்துக்கொண்டுதான் மாத்திரையைக் கொடுத்தார் அந்த அம்மாள்.

மத்தியானம் அப்பா சாப்பிட்டு முடித்ததும், இரண்டு மாத்திரைகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டுமே நல்ல கடைப்பா. அவங்க ரெண்டு பேருக்கும்தான் ஏழாம் பொருத்தம். நமக்கென்ன வந்தது? இதயத்துக்கு அங்கே, முட்டிக்கு இங்கே!"

"நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், முதல் கடைக்காரர். மூச்சு வாங்கியது, கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"மூட்டுவலி மாத்திரையைப் போட்டுட்டாரா? ரெண்டும் சேர்ந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தும்மா!"

அப்பாவின் கையிலிருந்து மாத்திரைகளைப் பிடுங்கினாள். அவர் வர இன்னும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் தாமதித்திருந்தால்! மூட்டுவலி மாத்திரையை அட்டையோடு அவரிடம் நீட்டினாள்.

"எதிர்க் கடையில நான் வாங்கினது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். கீழே தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் அலறியது. எதிர்க் கடை அம்மாள் அதில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து கத்தினார்.

"என்னங்க, மாத்திரையைத் திருப்பி வாங்கிட்டீங்களா? இறங்கி வாங்க, பாதியில எழுந்து வந்த சாப்பாடு ஆறுது! கடைதான் எதிரெதிரே, வீட்ல ஒரே அடுப்புதான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க!"