பிடியோரத்துக் குழி

ஜெர்மனியின் ஸோலிங்கனில் ஊரே கத்தி செய்யும். அங்கே கத்தி தீட்டத் தெரியாத ஒரே ஆண் ஹன்னலோரின் கணவர் எக்பெர்ட். கல்லில் தீட்டும்போது பிடியோரத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தியே தன் சவரக்கத்தியின் விளிம்பைக் குழியாக்கியிருந்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த மாலையே, ஹன்னலோர் விளிம்பில் மை தடவி, குழியில் தங்கிய மையும் அழியும்வரை கல்லில் தேய்த்து அதை நேராக்கினாள்.

மறுநாள் காலை கல் ஈரமாக இருந்தது. கத்தியில் அதே குழி.

“செத்தும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்காதா உங்களுக்கு?” என்று திட்டிக்கொண்டே மறுபடி நேராக்கினாள். தினமும் அப்படியே நடந்தது.

“யாரைம்மா திட்டுற?” என்றாள் மகள்.

“வேற யாரை? உங்கப்பாவைத்தான்.”

ஒருநாள் காலை கல் காய்ந்து கிடந்தது. கத்தி நேராகவே இருந்தது.

மாலைவரை காத்திருந்த ஹன்னலோர், கல்லை நனைத்து, பிடியோரத்தில் கட்டைவிரலை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.