பதினோராவது வரி

இன்றைக்கும் மரவட்டைதான் முதல் ஆள்.

'மூணாவது வரியில ஒரு இடைவெளி அதிகம்.'

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இடைவெளியாம்! இதனால் எந்தக் குடி முழுகிப் போயிற்று?

கணினியில் தமிழ் தட்ட உதவும் கருவி ஒன்றை எழுதி, இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் போட்டு, ஐந்து வருடமாகப் பராமரித்து வருகிறாள். கிடங்கு ஊர்ச் சொத்து மாதிரி. யாரும் போடலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு வருவதெல்லாம் புகார்தான். அதில் பாதி, மரவட்டை என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவனுடையது.

அக்கா சோற்றுத் தட்டோடு வந்து நின்றாள்.

"இதுக்குச் சம்பளமா குடுக்குறாங்க? யார் தலையிலயாவது கட்டிட்டு வந்து சாப்புடுடி."

கருவியைத் தன் பொறுப்பில் விடும்படி இணையத்தில் ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பணிவான ஆள். 'உங்களுக்குச் சிரமம் என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்.'

கொடுத்துவிட்டாள்.

அப்பாடா!

சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

மாலையில் தன் கணினியைப் புதுப்பிக்க ஒரு கட்டளை தட்டினாள். கறுப்புத் திரை வழக்கம்போலக் கேட்டது: தட்டச்சுக் கருவியின் நிரல் மாறியிருக்கிறது. ஏற்றுமுன் படித்துப் பார்க்கிறீர்களா?

எல்லோரையும் ஒவ்வொரு தடவையும் கேட்கும். யார் படிக்கிறார்கள்? தான் எழுதியதைத் தானே எதற்குப் படிப்பது?

விரல் பழக்கத்தில் 'வேண்டாம்' என்றது.

எழுத்துகள் ஓடி முடிந்த பிறகுதான் உறைத்தது. இந்த முறை எழுதியது அவள் இல்லை.

கைபேசி சிணுங்கியது. மரவட்டை.

விட்டாலும் விடாது போலிருக்கிறதே இந்தச் சனியன்!

'பதினோராவது வரி என்ன இது? நாம தட்டுறதையெல்லாம் எங்கேயோ அனுப்புது. யாரும் ஏத்தாதீங்க. முன்னாடி இதைப் பார்த்துக்கிட்ட அக்கா, இருக்கீங்களா?'

மறுபடியும் படித்தாள்.

ஓர் இடைவெளி கண்ணில் பட வேண்டுமென்றால் மூன்றாவது வரியைப் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். கடைசி வரி வரைக்கும்.

ஐந்து வருடமாக ஒருத்தன் படித்திருக்கிறான்.

அவளுக்கு அழுகை வந்தது.

பதில் எழுத விசைப்பலகை மேல் கை வைத்தாள். சுட்டதுபோல் எடுத்துவிட்டாள்.

இணைய வயரைப் பிடுங்கினாள். கைபேசியை எடுத்து, ஒற்றை விரலால் தட்டினாள்.

'இருக்கேன்.'