காரமில்லாத மிளகாய்

மேசைக்குப் பின்னால் விதைப் பதிவு அதிகாரி, எதிரே கம்பெனி ஏஜென்ட், ஜன்னலோரம் தோட்டக்காரர், அவரை ஒட்டினாற்போல் தம்பி. நடுவே ஒரு தட்டில் கம்பெனி விளைவித்துக் கொண்டுவந்த ஐந்து மிளகாய்.

பார்த்தால் ஊசிமிளகாய், கடித்தால் குடைமிளகாயின் இனிப்பு. தோட்டக்காரர் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு உருவாக்கிய வகை. அதைக் கம்பெனி தன் பெயரில் பதிய வந்திருந்தது.

"உங்க விதையைக் கம்பெனிக்கு வித்தது யாருன்னு எழுதித் தபால்ல அனுப்புங்க. பதிவை நிறுத்திடறேன்," என்றார் அதிகாரி.

"பக்கத்துத் தோட்டக்காரன்தான். பாவம்னு ஒரு கை விதை கொடுத்தீங்களேண்ணே, பாம்புக்குப் பால் வார்த்த கதைதான்," என்றான் தம்பி.

தோட்டக்காரர் ஒரு மிளகாயைக் கடித்தார். கண் கலங்கியது.

"ரொம்பக் காரமோ?" ஏஜென்ட் சிரித்தார்.

"காரமா இருந்திருக்கலாம்," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தார்.

'பக்கத்துக்காரருக்கு நான் கொடுத்தது, காரமிளகாய்ச் செடிகளுக்கு நடுவே மூடாமல் விட்ட பூக்களின் விதை. தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கும், விதைத்தால் காய் காரமாகத்தான் வரும். பூவுக்குத் துணிப்பை கட்டிக் காத்த சுத்த விதை பெட்டிக்குள் இருந்தது. அதன் சாவியை ஒருவனை நம்பித்தான் கொடுத்திருந்தேன்.'

கீழே பெயரை எழுதி உறையை ஒட்டினார்.

"கொடுங்கண்ணே, நானே போட்டுட்டு வர்றேன். இன்னையோட தொலைஞ்சான் அவன்," என்று தம்பி கை நீட்டினான்.

கொடுத்தார். தபால் பெட்டியை நோக்கி அவன் ஓட்டமாய் ஓடினான். இடுப்பில் அந்தச் சாவி குலுங்கியது.