ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

"சோத்த கேட்டுலயே வச்சிட்டுப் போறதுக்கு நாங்க என்ன டெலிவரி ஆளுங்களா, அங்கிள்?"

சுகுமாறன் மேசையில் தட்டிய தட்டில் தேத்தண்ணிக் கோப்பை ஆடியது.

பரமேஸ்வரன் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் பஞ்சாயத்துப் பேசிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவருடைய மாடி அறைக்கு யாராவது சண்டையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இன்றைய சண்டை அவருக்கே புதுசு. கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அல்லவா முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கிள்ளானில் இருக்கும் ஓர் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் மாத அரிசியும் கொடுப்பது நாற்பது குடும்பங்கள். அவர்களுக்குத் தலைவர் சுகுமாறன். பக்கத்தில் அவர் மனைவி லெட்சுமி. பேருக்குச் செயலாளர், வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. எதிரே, இல்லத்தை நடத்தும் குமுதா.

போன மாதம் குமுதா ஒரு புதுச் சட்டம் போட்டுவிட்டார். சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் சாப்பிடும்போது வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது.

"போன வாரம் என் தங்கச்சி மகனுக்கு மொத பெர்த்டே," என்றார் சுகுமாறன். "கேக்கோட குடும்பமே போய் நின்னுச்சு. மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டாங்க. பிள்ளைங்க சாப்பிடறதைக் கண்ணால பார்த்தாத்தானே எங்களுக்கும் மனசு நிறையும்? அது ஒரு தப்பா?"

தப்பென்று பரமேஸ்வரனுக்கும் தோன்றவில்லை. கொடுத்தவனுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா? இந்த அம்மாவுக்குத்தான் கொஞ்சம் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போகட்டுமே."

"ஒரே நாள்ல மூணு புக்கிங், அங்கிள்," என்றார் குமுதா. "பன்னண்டு மணிக்கு பிரியாணி. ஒன்றரைக்கு வாழையிலைச் சாப்பாடு. மூணு மணிக்கு மீ கோரெங் நூடுல்ஸ். மூணு குடும்பத்துக்கும் பிள்ளைங்க சாப்பிடறதைப் பார்க்கணும். மூணாவது தட்டுல ஒரு ஏழு வயசுப் பொண்ணு வாந்தி எடுத்துட்டா. அதையும் ஒருத்தர் வீடியோ எடுத்துக்கிட்டு நின்னாரு."

"அப்போ ஒரு நாளைக்கு ஒரு புக்கிங்னு வைங்க லா. வீடியோவும் வேணாம், விட்டுடுறோம். ஆனா எங்களை உள்ள விடணும்."

"முடியாது, சார்."

"அதான் ஏன்?"

"எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியல. ஆளுங்க உள்ள வந்ததும் பிள்ளைங்க முகம் மாறிடுது. அது எனக்குப் பிடிக்கல."

சுகுமாறன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உங்களுக்குப் பிடிக்கல. சரி. அடுத்த மாசத்துலேருந்து நாப்பது குடும்பமும் வேற ஹோமுக்குப் போயிடும்."

"போங்க," என்றார் குமுதா.

பரமேஸ்வரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த நாற்பது குடும்பம் கையை விட்டால் முப்பத்திரண்டு பிள்ளைகளில் பாதியை வேறு வேறு இடங்களுக்கு அனுப்பியாக வேண்டும். அண்ணன் ஒரு ஊரில், தங்கச்சி ஒரு ஊரில். அந்தப் பாவம் தன் மேசையில் முடிவாக வேண்டுமா?

"உட்காருங்க, சுகுமாறன். கடைசியா ஒண்ணு."

இழுப்பறையிலிருந்து மூன்று துண்டுத் தாள்களை எடுத்தார். இது அவருடைய பழைய வழி. வாயால் பத்துக் கோரிக்கை வைக்கிறவர்கூட எழுதச் சொன்னால் ஒன்றில் வந்து நிற்பார்.

"எதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதோ, அதை எழுதி மடிச்சுக் கொடுங்க. மேசையில உட்கார்ந்த எல்லாரும் எழுதணும்."

லெட்சுமிக்கு நீட்டிய தாளைப் பார்த்துச் சுகுமாறன் சிரித்தார். "அவளுக்கு எதுக்கு, அங்கிள்? நான் எழுதறதுதான் அவளுக்கும்."

"இருக்கட்டும். கணக்குக்கு ஒண்ணு."

மூன்றும் மடித்து வந்தன. முதல் தாளை உரக்கப் படித்தார். "பிள்ளைகள் சாப்பிடும்போது நாங்கள் கூட இருக்க வேண்டும். தலைவர்."

இரண்டாவது. "பிள்ளைகள் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். குமுதா."

மூன்றாவதை விரித்தவர் ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"தட்டையே யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் சோறு தொண்டையில் இறங்காது. தயவுசெய்து உள்ளே போகாதீர்கள்."

சுகுமாறன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தபடியே பேசினாள்.

"எட்டு வருஷம் ஒரு ஹோம்ல வளர்ந்தேன், அங்கிள். கல்யாணத்துக்கு முன்னாடியே இவர்கிட்ட சொல்லியிருக்கேன். இதை மட்டும் சொன்னதில்ல. வந்தவங்க எல்லாரும் நல்லவங்கதான். சுத்தி நின்னு சிரிச்சுக்கிட்டே பார்ப்பாங்க. நாங்களும் சிரிச்சுக்கிட்டே மென்னுக்கிட்டிருப்போம். அவங்க வேன் கிளம்பற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பசியே தெரியும். இன்னைக்கும் ஒருத்தர் முன்னால உட்கார்ந்து என்னால சாப்பிட முடியல."

குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகுமாறன் தன் தாளை எடுத்துக் கசக்கினார். "ஞாயித்துக்கிழமை சாப்பாடு வாசலுக்கு வந்துடும், மா," என்றார் குமுதாவிடம்.

பிறகு லெட்சுமி பக்கம் திரும்பினார்.

"நான் சாப்பிட்டு எந்திரிச்சுப் போன பிறகுதான் நீ தட்டு எடுத்து வைப்பே. புருஷன் மேல அவ்வளவு மரியாதைன்னு இருபது வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே, லெட்சுமி."